ஏழரைச் சனியும் மஞ்சள் லூரும்

சனி, 19 நவம்பர் 2011

காலையிலிருந்து தூறல். நவம்பர் முடியப் போகிறது, இங்கே கோடை தொடங்க வேண்டும், இன்னும் சுவெற்றர். சிட்னிக்கு என்ன கேடோ தெரியவில்லை.

செய்தவை: உடுப்புத் தோய்த்தது (காயவில்லை). மருந்துக் கடை. ஹோம்புஷ் ஸ்டேஷனடியில் முருங்கைக்காய் பார்த்தது. விறகு மாதிரி முற்றல். வாங்கவில்லை.

செய்யாதது: மேசையில் இருந்து சாப்பிடுவது. மேசையில் இடமில்லை. இவர் தூண்டில் பெட்டியைக் கொட்டி அடுக்கிக்கொண்டிருக்கிறார். (மணம் முடித்து முப்பது வருடம். புருஷன் பெயரை எழுத இன்னும் கை வரவில்லை. இவர் என்றால் இவர்தான்.)

கொட்டிக் கிடப்பதற்குப் பெயர் லூர். பிளாஸ்டிக் பொய் இரை. கட்டைவிரல் அளவு, வயிற்றில் இரண்டு கொக்கி. இவர் வாங்குவதெல்லாம் தண்ணீர் மேலே மிதக்கிற வகை. எறிந்துவிட்டு நூலை வெட்டி வெட்டி இழுத்தால், ஆற்றில் விழுந்த பூச்சி போலத் துடிக்கும். கீழேயிருந்து பாஸ் என்கிற ஆற்று மீன் பாய்ந்து கவ்வ வேண்டும். கவ்வினால் ஒரு படம் எடுத்துவிட்டு மீனைத் திரும்ப ஆற்றில் விட வேண்டும். இதற்காக நெப்பியன் ஆற்றுக்கு அவ்வளவு தூரம். கார் ஓட்டுவது நான்.

மற்ற எல்லோரும் லூரை அளவு பார்த்து அடுக்குவார்கள். இவர் கிரகம் பார்த்து அடுக்குகிறார்:

ஞாயிறு – செம்மஞ்சள்
திங்கள் – வெள்ளை
செவ்வாய் – சிவப்பு
புதன் – பச்சை
வியாழன் – மஞ்சள் (இதுதான் நிறையக் கிடக்கிறது)
வெள்ளி – மினுக்கம்
சனி – காலி அறை

போன கோடையில் வாங்கிய கறுப்பு லூர் எங்கே என்று கேட்டேன்.

"குப்பையிலை போட்டிட்டன்."

"ஏன்?"

"ஏழரை முடியுமட்டும் கறுப்புத் தொட வேண்டாம் எண்டு அண்ணை சொன்னவர்."

அண்ணை என்பது இவருடைய தமையன், மெல்பேர்ன் நோபல் பார்க்கில் இருக்கிற குலம் அத்தான். இனி கு.அ. என்றே எழுதுகிறேன், தினமும் எழுத வேண்டியிருக்கும். வாழ்நாளில் தூண்டில் தொட்டதில்லை. கையில் பஞ்சாங்கம், மற்றக் கையில் போன்.

கறுப்பு டீசேட்டுகளும் போய்விட்டன. என்னுடைய கறுப்புக் குடையையும் காணவில்லை. மழை பெய்கிற கிழமையில்.


ஞாயிறு, 20 நவம்பர்

வெயில் எட்டிப் பார்த்தது. தோசைமா புளிக்கவில்லை.

எழுதாமல் தள்ளிக்கொண்டே வந்ததை எழுதிவிடுகிறேன். போன செவ்வாய் சத்திரசிகிச்சை டொக்டரைப் பார்த்தோம். இவருடைய இதயத்தில் மூன்று குழாய் அடைப்பு. நெஞ்சைத் திறந்து பைபாஸ் செய்ய வேண்டும். டிசம்பர் 2, வெள்ளிக்கிழமை ஓரிடம் இருக்கிறது. வரும் திங்கள், 28ஆம் திகதிக்குள் ஓம் என்று சம்மதம் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அந்த இடம் வேறொருவருக்கு. பிறகு கிறிஸ்மஸ், பிறகு ஜனவரி, எப்போது என்று சொல்ல முடியாது. அதுவரை தாங்குமா என்று கேட்டேன். டொக்டர் பேனையை மூடிவிட்டு, நானென்றால் காத்திருக்க மாட்டேன் என்றார்.

இவர் சொன்ன பதில்: "லெட் மீ திங்க்."

நினைக்க என்ன இருக்கிறது? இருக்கிறதாம். இவர் சிம்ம ராசி. ஏழரைச் சனி முடிகிற நேரம். கு.அ.வின் வாக்கிய பஞ்சாங்கப்படி சனி டிசம்பர் பிற்பகுதியில்தான் விலகுகிறது. எங்கள் வீட்டில் அப்பா காலத்திலிருந்தே திருக்கணிதம். அதன்படி சனி இந்த மாதம் நடுவிலேயே போய்விட்டது. அதாவது டொக்டரிடம் போன கிழமையே. போனதே போய்விட்டது என்றேன்.

"உம்மடை பஞ்சாங்கம் அவசரக்காரற்றை பஞ்சாங்கம்."

"அப்ப சனி எந்தப் பஞ்சாங்கத்தைப் பாத்து நடக்கிறவர்?"

ரீவியின் சத்தத்தைக் கூட்டினார்.

எனக்குப் பஞ்சாங்கத்தில் பெரிய நம்பிக்கை ஒன்றும் கிடையாது. பகல் முழுக்க ஆய்வுகூடத்தில் மற்றவர்களின் இரத்தத்தை மைக்ரோஸ்கோப்பில் பார்க்கிறவள். ஆனால் அடிக்க ஒரு தடி வேண்டும், கையில் கிடைத்தது இதுதான்.


திங்கள், 21 நவம்பர்

வேலையில் மெஷின் பழுது. தலையிடி. வரும் வழியில் ரெயின் வண்டி பிந்தியது.

மகள் மது கன்பராவிலிருந்து போன் எடுத்தாள். "மம், ஜஸ்ட் புக் இட். டாட்டுக்குச் சொல்லாதேங்கோ." நெஞ்சைப் பிளக்கிற விஷயம், ஆளுக்குச் சொல்லாமல் எப்படிப் புக் பண்ணுவது? அவளுக்கு எல்லாம் விமானச் சீட்டுப் புக் பண்ணுகிற மாதிரி.

கு.அ.வும் எடுத்தார்.

"பிள்ளை, சனி விட்டுப் போகேக்கைதான் கடைசி உதை உதைக்கும். கொஞ்சம் பொறுங்கோ. பொறுக்கிறதிலை என்ன நட்டம்?"

"நட்டம் எனக்கு அத்தான், உங்களுக்கில்லை" என்று சொல்லிவிட்டேன். அவர் போனை வைத்துவிட்டார். பிறகு மனம் கேட்கவில்லை. ஆனால் திருப்பி எடுக்கவுமில்லை.

இவர் இரவுச் சாப்பாட்டில் முழுக்க லூர் கதை. மஞ்சளா செம்மஞ்சளா. பின்னேர வெளிச்சத்தில் எது துலங்கும். மீனுக்கு நிறம் தெரியுமா. யாரோ அமெரிக்கன் எழுதியிருக்கிறானாம், தெரியும் என்று. இன்னொருவன் தெரியாது என்று. சோற்றில் கை காய்ந்து போகும்வரை இதே கதை. ஒப்பரேஷன் என்ற சொல்லை இவர் வாயால் நான் இன்னும் கேட்கவில்லை.


செவ்வாய், 22 நவம்பர்

பின்னேரம் வானம் வெளித்தது. இவர் காலையிலேயே கார்ச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். தனியே விடப் பயம். போனேன். என் கைப்பையில்: நெஞ்சு வலிக்கு நாக்கின் கீழ் அடிக்கிற ஸ்பிரே, தண்ணீர், பிஸ்கட், இவருடைய மாத்திரை அட்டவணை. சும்மா நிற்க அலுப்பாக இருக்கிறதென்று போன வருடம் நானும் ஒரு தூண்டில் வாங்கினேன். எனக்கு மீன் விழுந்தால் தற்செயல், இவருக்கு விழுந்தால் திறமை.

பென்ரித்துக்கு மேலே, சவுக்கு மரங்கள் ஆற்றுக்குள் சாய்ந்திருக்கிற இடம். மரமெல்லாம் சில்வண்டு. காது அடைக்கிற சத்தம். கறுப்பு உடம்புக்காரச் சில்வண்டுகள் மரத்திலிருந்து பொத்துப் பொத்தென்று தண்ணீரில் விழுகின்றன. மீன் அதைத்தான் அடிக்கிறது. டம் என்று சத்தம் கேட்கும், பார்த்தால் வளையம் மட்டும். நாய்க்குட்டிக்கும் புரியும், இன்றைக்குக் கறுப்புத்தான் என்று.

இவர் சிவப்பு எறிகிறார். செவ்வாய்க்கிழமையாம்.

இரண்டு பேர் தள்ளி ஒரு வெள்ளைக்காரக் கிழவர். கையில் பால் நிறத்தில் பழைய லூர், பெயின்ற் உரிந்தது. இரண்டு மீன் பிடித்து விட்டார். எந்த நிறம் நல்லது என்று இவர் போய்க் கேட்டார். கிழவர் சிரித்தார். மீன் கீழேயிருந்து வானத்தைப் பார்க்கிறது, வெளிச்சத்துக்கு முன்னால் எதுவும் நிழல்தான், நீ எந்த நிறமும் போடு என்றார். நான் இதையே மூன்று கோடையாகச் சொல்கிறேன். நான் சொன்னால் "நீர் சும்மா இரும்."

திரும்பி வந்து இவர் சொன்னது: "அந்தாள் இரகசியத்தைச் சொல்லாது. மீன்பிடிக்காரர் எல்லாம் இப்படித்தான்."

காரில் வரும்போது நெஞ்சைத் தடவினார். என்ன என்றேன். வாய்வு என்றார். முப்பது வருடமாக இவருக்கு எல்லாம் வாய்வு.


புதன், 23 நவம்பர்

மழை. குடை இல்லை. நனைந்து ரெயின் ஏறினேன்.

பொறுமை முடிந்தது. இரவு தேத்தண்ணியை மேசையில் வைத்துவிட்டு, கதிரையை இழுத்து எதிரே போட்டுக்கொண்டு இருந்தேன்.

"பந்தயம் கட்டுவமே?"

"என்ன பந்தயம்?"

"நாளைக்கு வியாழன். உங்கடை குருநாள், உங்கடை மஞ்சள். நான் கறுப்பு எறியிறன். மஞ்சளுக்கு முதல் மீன் விழுந்தால் நீங்கள் சொல்லுற பஞ்சாங்கம் சரி, நான் வாய் திறக்க மாட்டன். கறுப்புக்கு விழுந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓம் சொல்லுறியள்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நீண்ட நேரம் துடைத்தார்.

"விழுகிறதெண்டால் கையிலை பிடிச்சுப் படம் எடுக்க வேணும். சும்மா அடிச்சிட்டுப் போறது கணக்கில்லை."

"சரி."

"கறுப்பு லூரை என்ரை பெட்டிக்குள்ளை வைக்கக் கூடாது."

"சரி."

"அண்ணைக்கு இப்ப சொல்லாதையும்."

இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்வார் என்று நினைக்கவில்லை. எனக்குக் கொஞ்சம் வெற்றி மாதிரி இருந்தது. குசினியைக் கழுவிவிட்டுப் படுத்தேன்.

பிறகுதான் விளங்கியது நான் செய்த விசர் வேலை. நிறம் முக்கியமில்லை, நிறம் முக்கியமில்லை என்று மூன்று கோடை கத்தியது நான். அந்தக் கதை உண்மையென்றால் கறுப்பும் மஞ்சளும் ஒன்றுதான். மீன் எதையும் அடிக்கலாம். இவருடைய உயிரைக் கொண்டுபோய்ப் பூவா தலையா போட்டிருக்கிறேன். படித்தவள், ஆய்வுகூடக்காரி. செருப்பால் அடிக்க வேண்டும் என்னை.


வியாழன், 24 நவம்பர்

ஒரே மழை. ஆறு கலங்கல், தேத்தண்ணி நிறம். போனோம், பத்து நிமிடம் நின்றோம், சளி பிடிக்கும் என்று கூட்டி வந்தேன். ஒருவருக்கும் ஒன்றும் விழவில்லை. பந்தயம் சனிக்கிழமைக்குத் தள்ளிப் போனது.

போகும் வழியில் பென்ரித் கடையில் எனக்குக் கறுப்புச் சில்வண்டு லூர் ஒன்று வாங்கினேன். அதை மதியச் சாப்பாட்டுப் பெட்டிக்குள் போட்டு, கைப்பைக்குள் வைத்து, கைப்பையைக் காரின் பின்பெட்டிக்குள் வைத்த பிறகுதான் இவர் காரில் ஏறினார். ஸ்பிரேயும் அதே பைக்குள். அவசரத்துக்கு எடுக்க வேண்டுமென்றால் காரை நிறுத்தி, இறங்கி, பின்பக்கம் ஓட வேண்டும். ஏழரைச் சனிக்குப் பயந்து ஸ்பிரேயைத் தூர வைக்கிற மனிதனோடு என்ன கதைப்பது? சத்தம் போட்டேன். ஸ்பிரேயை மட்டும் எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

இரவு கு.அ. போன். குருவுக்கு மஞ்சள் துண்டு வாங்கி முருகன் கோயிலில் கொடுக்கச் சொன்னார். சரி அத்தான் என்றேன். சண்டை பிடிக்கச் சக்தி இல்லை.


வெள்ளி, 25 நவம்பர்

மரக்கறி நாள். கத்தரிக்காய்க் குழம்பில் உப்புக் கூடிவிட்டது. இவருக்கு உப்பு ஆகாது, திரும்பத் தேங்காய்ப்பால் விட்டேன், தேங்காய்ப்பாலும் ஆகாது. கொட்டிவிட்டுப் பருப்பு.

கோயிலுக்கு இவரை இறக்கி விட்டுவிட்டு, கால் வலி என்று சொல்லி வீட்டுக்கு வந்தேன். கால் வலிக்கவில்லை.

செய்தது இதுதான். பெட்டியைத் திறந்தேன். இவர் சனிக்கிழமைக்கென்று தனியே எடுத்து வைத்திருந்த மஞ்சள் லூர். குரு எந்த நாளுக்கும் பாதுகாப்பாம். வயிற்றில் இரண்டு கொக்கி, ஒவ்வொன்றிலும் மூன்று முனை. இடுக்கியால் ஒவ்வொரு முனையையும் நெரித்து மழுக்கினேன். அரத்தால் கொஞ்சம் தேய்த்தேன். தூரப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. மீன் அடிக்கலாம், கொக்கி ஏறாது.

வெட்கமாக இருக்கிறது. மேசை விரிப்பில் இரும்புத் தூள் விழுந்தது, ஊதித் தள்ளினேன். இவர் கோயிலிலிருந்து விபூதியோடு வந்து எனக்கும் பூசிவிட்டார். வாங்கிக்கொண்டேன்.

என்னை இந்த நிலைக்குக் கொண்டுவந்தது யார்? இந்த மனிதன் முதலிலேயே ஓம் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம்.


சனி, 26 நவம்பர்

எழுத்து சரியில்லை. ஆனால் எழுத வேண்டும்.

மழை விட்டிருந்தது. ஆறு ஓரளவு தெளிவு. பின்னேரம், வெயில் மலைக்குப் பின்னால் இறங்குகிற நேரம். சில்வண்டுச் சத்தம். அதே சவுக்கடி. இவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், நடுவில் ஐஸ்பெட்டி.

இவர் லூரைக் கட்டும்போது நான் மறுபக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன். பார்க்கத் தைரியமில்லை.

என் கறுப்புக்கு ஒன்றுமில்லை. எறிந்தேன், இழுத்தேன், எறிந்தேன். ஒரு தடவை சவுக்குக் கிளையில் சிக்கியது. ஒரு தடவை வாத்து ஒன்று பார்த்துவிட்டுப் போனது. சாப்பிடத் தண்ணீர் முழுக்கக் கறுப்புச் சில்வண்டு கிடக்க, என் கறுப்பை மட்டும் ஒரு மீனும் திரும்பிப் பார்க்கவில்லை.

இவருடைய மஞ்சளை முதல் எறியிலேயே மீன் அடித்தது. தண்ணீர் வெடித்தது போல. இவர் தூண்டிலை இழுத்தார், நூல் தளர்ந்து போனது. "ஐயோ" என்றார்.

இன்னொரு எறி. திரும்ப அடி. கொக்கி ஏறவில்லை. லூர் மேலே மிதந்து வந்து ஆடிக்கொண்டு நின்றது.

மூன்றாவது அடி கரையோரம். மீனின் முதுகு தெரிந்தது. பெரியது. இந்த ஆற்றில் இவ்வளவு பெரியதை நாங்கள் கண்டதில்லை. லூரை வாய்க்குள் வைத்துக்கொண்டு இரண்டு ஆள் நீளம் இழுத்துக்கொண்டு போய், வேண்டாமென்று துப்பியது.

அந்த நேரத்தில் எனக்கு மீன் மேல் வந்த கோபத்தை எழுத முடியாது. உனக்கு வேறு நிறமே கிடைக்கவில்லையா, சனியனே? பிறகு என் மேல் கோபம். நான் கைவைக்காமல் விட்டிருந்தால் அது இவர் கையில் இருந்திருக்கும், படம் எடுத்திருப்போம், ஜனவரிவரை நான் வாயை மூடியிருந்திருப்பேன். இவர் ஜனவரியைக் காண்பாரோ தெரியாது. இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு நின்றேன்.

திரும்பிப் பார்த்தால் இவர் ஐஸ்பெட்டியில் இருக்கிறார். முகம் சாம்பல். கை நெஞ்சில். தூண்டிலைப் போட்டுவிட்டு ஓடினேன். சட்டைப் பையில் ஸ்பிரே. நாக்கைத் தூக்கச் சொல்லி அடித்தேன். கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் குந்தினேன். அம்புலன்ஸ் எடுக்கவா என்றேன், பொறு என்று கையால் காட்டினார். கொஞ்ச நேரத்தில் நிறம் வந்தது.

"வாய்வோ?" என்று கேட்டேன். கோபத்தில்தான் கேட்டேன், அழுகை வந்துவிட்டது.

"இல்லை" என்றார். முதல் தடவை.

பிறகு நான் சொல்லத் தொடங்கினேன். "இஞ்சாருங்கோ, நான் உங்கடை கொக்கியை…"

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"கட்டேக்கை விரலை வைச்சுப் பாத்தனான். மழுங்கிக் கிடந்தது. கட்டுறதுக்கு முன்னம் விரல் வைச்சுப் பாக்காமல் ஆர் எறியிறது?"

"பிறகேன் அதையே எறிஞ்சனீங்கள்? பெட்டி முழுக்க மஞ்சள் கிடந்ததே!"

ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். சில்வண்டுச் சத்தத்தில் நான் குனிந்துதான் கேட்க வேண்டியிருந்தது.

"தோக்க எனக்கொரு சாட்டு வேணும் மனோ. நானா ஓம் எண்டு சொல்லிப்போட்டு, அதுக்குள்ளை கண் முழிக்காமல் போனால், அண்ணை தன்ரை சொல்லைக் கேக்கேல்லை எண்டு சாகுமட்டும் அழுவர். பந்தயத்திலை தோத்தனான் எண்டால் பறவாயில்லை. அதுதான் உம்மோடை கட்டினனான். நீர் வெல்லுவீர் எண்டு நினைச்சன். இந்த விசர் மீன் மஞ்சளையே அடிக்குது."

முப்பது வருடம். இந்த மனிதனுக்குச் சனிக்குத்தான் பயம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் தோளில் ஓர் அடி போட்டேன். மெதுவாக, நெஞ்சு நோயாளி. இதை வாயைத் திறந்து சொல்ல என்ன என்று கத்தினேன். தூரத்தில் நின்ற அந்தச் செவ்வாய்க்கிழமைக் கிழவர் திரும்பிப் பார்த்தார். வீட்டுக்கு வரும்வரை கத்தினேன். இவர் ஜன்னலைக் கொஞ்சம் இறக்கிவிட்டு இருந்தார்.


ஞாயிறு, 27 நவம்பர்

வெயில். அப்பாடா. உடுப்பு காய்ந்தது.

காலையில் நான் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருக்க, இவர் விறாந்தையில் போன்.

"அண்ணை, நான் தோத்துப் போனன்… பந்தயம், மனோவோடை… ஓம், ஓம்… கறுப்புக்குத்தான் விழுந்தது. இவள்தான் பிடிச்சவள்… ஓம், பெரிசு… என்ன செய்யிறது, வாக்குக் குடுத்திட்டன். வெள்ளிக்கிழமை போறன்."

கத்தியை வைத்துவிட்டு நின்றேன். என் வாழ்நாளில் இவர் தமையனுக்குப் பொய் சொல்லிக் கேட்டதில்லை. அதுவும் மீனை இவ்வளவு பெரிதாக்கி.

உள்ளே வந்தார். "சொல்லிப்போட்டன்" என்றார். "தேத்தண்ணி இருக்கோ?"

கு.அ. எனக்கு எடுக்கவில்லை. கோபமாக்கும். இருக்கட்டும்.


திங்கள், 28 நவம்பர்

ஆஸ்பத்திரிக்கு இவரே எடுத்துச் சொன்னார். ஸ்பீக்கரில் போடச் சொன்னேன், நம்பிக்கையில்லை. போனில் இருந்த பெண் பரமேஸ்வரன் என்ற பெயரை (எழுதிவிட்டேன்!) நாலு துண்டாக்கினாள். இவர் ஒவ்வொரு துண்டுக்கும் "யெஸ்" சொன்னார்.

மதுவுக்கு மெசேஜ். பதில்: ஒரு இதயப் படம், பிறகு "டோல்ட் யூ". ஒன்றும் சொல்லவில்லை அவள். விமானச் சீட்டு மாதிரிப் புக் பண்ணத்தான் சொன்னாள்.


புதன், 30 நவம்பர்

குளிர், மழை. நாளைக்கு டிசம்பர், ஹீற்றர் போட்டிருக்கிறேன்.

பரிசோதனைகள். இரத்தம் எடுத்த பிள்ளை என்னை அடையாளம் கண்டுவிட்டாள், முன்பு எங்கள் ஆய்வுகூடத்தில் இருந்தவள். இவர் அவளிடம் நிறக் கதை தொடங்கிவிட்டார். மூன்று அடியும் மஞ்சளுக்குத்தான், தெரியுமோ. கறுப்புக்கு ஒன்றுமில்லை. அவள் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்கிறாள். பின்னால் வரிசை.

பையில் வைக்க: உடுக்கச் சாரம், செருப்பு, சவரப் பெட்டி, கண்ணாடி, விபூதிப் பொட்டலம். மோதிரத்தைக் கழற்ற வேண்டும். கழலவில்லை. சவர்க்காரம் போட்டு இழுத்தேன். "விரலோடை வெட்டிக்கொண்டு போம்" என்கிறார். இந்த நேரத்தில் பகிடி.

இரவு பயமாயிருக்குதோ என்று கேட்டேன். ஓம் என்றார். எனக்கும் என்றேன். விளக்கை நூர்த்தோம்.


வெள்ளி, 2 டிசம்பர்

ஆஸ்பத்திரிக் காத்திருப்பு அறை. மழை. கதிரை எல்லாம் கால் ஆடுகிறது. கோப்பி வாயில் வைக்க முடியவில்லை.

விடியவே கொண்டு போய்விட்டார்கள். கதவடியில் இவர் என்னைத் திரும்பிப் பார்த்துக் கார்க் கண்ணாடி இறக்கி இருக்கிறது, மழை உள்ளே வரும் என்றார். போய்ப் பார்த்தேன். உண்மைதான், இருக்கையெல்லாம் நனைந்து கிடந்தது. துடைத்துவிட்டு வந்து இருந்தேன். தேவாரம் சொல்லப் பார்த்தேன், இரண்டாவது வரியில் நின்றுவிட்டது. பக்கத்தில் ஒரு கிரேக்கப் பெண், அவளும் அழுகிறாள், யாருக்கென்று தெரியாது. பிஸ்கட்டைப் பகிர்ந்தோம்.

மத்தியானம் கழித்து டொக்டர் வந்தார். பச்சைத் தொப்பியோடு. எல்லாம் நல்லபடி முடிந்தது, மூன்றும் செய்தாயிற்று, இதயம் தானே அடிக்கிறது, நாளைக்குத்தான் கண் திறப்பார் என்றார். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை என்று மட்டும் தெரியும்.

மதுவுக்குச் சொன்னேன். இருவரும் அழுதோம்.

பிறகு கு.அ.வுக்கு எடுத்தேன். அவர் தமையன், சொல்லாமல் விட முடியுமா? முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்.

"முடிஞ்சுது அத்தான். நல்லா இருக்கிறார்."

லைன் அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன். பிறகு மூக்கை உறிஞ்சுகிற சத்தம். அந்த மனிதர் அழுது நான் கேட்டதில்லை. பஞ்சாங்கத்தைப் பற்றி ஏதாவது சொல்லப் போகிறார், சொன்னால் இன்றைக்கு விடமாட்டேன் என்று தயாராக நின்றேன்.

"பிள்ளை, ஒண்டு கேக்கிறன். மறைக்காமல் சொல்லும்."

"கேளுங்கோ."

"கறுப்புக்கு உண்மையாவே மீன் விழுந்ததோ?"

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் யாரையோ தள்ளிக்கொண்டு போனார்கள்.

"ஏன் அத்தான் கேக்கிறியள்?"

"எனக்கும் இஞ்சை ஆஸ்பத்திரியிலை ஒப்பரேஷனுக்கு ஒரு திகதி தந்து வைச்சிருக்கினம், பிள்ளை. இதே நெஞ்சுதான். ரெண்டு தரம் தள்ளிப் போட்டிட்டன். ஒருத்தருக்கும் சொல்லேல்லை, தம்பிக்கும் தெரியாது. எனக்கும் சிம்ம ராசிதானே." மூச்சு வாங்கினார். "விழுந்ததோ?"

"விழுந்தது அத்தான்" என்றேன். "ஒண்டில்லை. ரெண்டு."